களிம்பா, கத்தியா

திங்கள்.
தூறல். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. இடது யானைக்கால் மேல் இருந்த செதில் படை புற்றுதானாம். மேல் தோலோடு நிற்கிறதாம். டாக்டரம்மா சொன்னது:
வெட்டினால் சீக்கிரம் எடுத்துவிடலாம். ஆனால் வீங்கின காலில் தையல் ஆற மாசக்கணக்கு, சீழும் பிடிக்கலாம்.
களிம்பு என்றால் வாரக்கணக்கில் தடவணும். எரியும், புண்ணாகித்தான் ஆறும். திரும்ப வந்தாலும் வரலாம், விடாமல் காட்டணும்.
"ரெண்டுமே செய்யலாம். நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."
நானா? எந்த ஊர் டாக்டர் நோயாளியைக் கேட்கிறார்? இனி வைத்தியம் இல்லை என்று அப்பாவை வீட்டுக்கு அனுப்பியபோதும் இதே மெதுவான குரல்தான். "கேக்கிறதைக் குடுங்க" என்றார்கள்.

செவ்வாய்.
வெயில். ரவிக்கை இரண்டு முடித்தேன். வீட்டுக்காரர் கறி எடுத்து வந்தார். செவ்வாய்க்கிழமை கறி தொடாத மனுஷன்.
"இன்னா விசேஷம்?"
"சும்மாதான். துன்னு."
என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் எனக்கு மாத்திரை வாங்கப் போனவர் திரும்பி வர ஏன் அவ்வளவு நேரம்? டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொல்லியிருக்கிறாள்.

புதன்.
எலவனாசூர்கோட்டையிலிருந்து நாத்தனார். பொங்கலுக்கே எட்டிப் பார்க்காதவள். கையில் கல்வராயன்மலைத் தேன். எனக்குத் தலை வாரிவிட்டாள்! அடுப்படியில் தன் தம்பியிடம், அதான் என் வீட்டுக்காரரிடம், கிசுகிசு: "அது மனசு நோவாம பாத்துக்கடா."
அவள் பஸ் ஏறியதும் அவரைக் கேட்டே விட்டேன்.
"எவ்ளோ நாளுன்னு சொன்னாங்க?"
"யாரும் ஒண்ணும் சொல்லல. உன்னயே முடிவு பண்ணச் சொன்னாங்க இல்ல, கைவிட்டாங்கன்னு நானா நெனச்சிக்கினேன்." அழுகை வேறு. கறி வாங்கிய லட்சணம் இதுதான். ஆனாலும் முழுசாக நம்பவில்லை.

வியாழன்.
ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். மணலூர்பேட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே. கால் விண்விண் என்றது.
"கைவிட்டுட்டீங்களா, டாக்டர்?"
"யார் சொன்னது? ஆரம்பத்துலயே வந்திருக்கீங்க. தினம் புண்ணைப் பாத்துக்கிட்டு வேலையும் செய்யப் போறது நீங்க. அதான் கேட்டேன்."
தையல் மெஷினில் எப்போது உட்காரலாம், எரிச்சல் எவ்வளவு நாள், எல்லாம் குடைந்து கேட்டேன். அவள் சலிக்கவில்லை. களிம்பு என்றேன். காய்ச்சல், குளிர் வந்தால் அன்றைக்கே வரணுமாம்.

வெள்ளி.
காலையில் முதல் தடவல். நானே தடவினேன்.
எண்ணெய் வைத்தியமா, தாயத்தா, புடவை எவ்வளவு தாழ்த்திக் கட்டணும், எல்லாம் அடுத்தவர்கள் சொன்னதுதான். இந்தக் காலைப் பற்றி இத்தனை வருஷத்தில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. ஒருத்தி கேட்டாள். சாகப் போகிறேன் என்று நினைத்துவிட்டேன்.