மேரியின் கையில் உன் மூக்குப்பேணி

அன்புள்ள சின்னக்கா,

நீ இல்லாத கொட்டாஞ்சேனைச் செய்திகளை உனக்கே எழுதுகிறேன். உன்னைக் கொண்டுபோன நெருப்புக் காய்ச்சலுக்கு, டாக்டர் டைபாய்டு என்று சொன்னதற்கு, இங்கே ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா திங்கட்கிழமைகளில் நகம் பார்ப்பதை விடவில்லை. சுத்தமான உடம்பில்தான் தேவன் தங்குவார், அழுக்கில்தான் நோயும் பாவமும் தங்கும் என்கிறார். வேதபாட வகுப்பில் நான் எழும்பி, "அக்காவின்ர நகத்தில ஒருநாளும் அழுக்கு இருக்கேல்லையே, மிஸ்?" என்று கேட்டேன். அவர் வேதப்புத்தகத்தை மூடிவிட்டு, நேரத்துக்கு முன்பே மணியை அடிக்கச் சொன்னார்.

பெரியம்மா சொல்லும் காரணம் வேறு. "அந்தத் தகரக் கோப்பையில வாய் வச்சதாலதான் பிள்ளை போனவள். அதுவும் ஆருக்குப் பிறகு!" கர்த்தருக்குள் எல்லோரும் ஒன்று என்று சொல்லி, மிஸ்ஸியம்மா ஒரே கோப்பையில் எல்லோருக்கும் வரிசையாகத் தண்ணீர் நீட்டினாரே, நினைவிருக்கிறதா? கிராண்ட்பாஸில் தெருக் கூட்டுகிறவரின் மகள் மேரி குடித்ததும் வரிசை நின்றுவிட்டது. நீதான் போய் வாங்கிக் குடித்தாய்.

இப்போது பழி மேரியின் தலையில். அவளுக்குக் காய்ச்சலே வரவில்லை. ஆனாலும் வகுப்பு வாங்கில் அவள் பக்கத்தில் ஒருவரும் உட்காருவதில்லை. பள்ளிக்கூடத்தை விடப்போகிறாள் என்று பேச்சு.

பிறகு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். கக்கூசுக் குழியிலிருந்து பள்ளிக்கூடக் கிணறுவரை நடந்து பார்த்தார். "கோப்பையை விடுங்கோ மிஸ். குழி ஊறுற இந்தக் கிணத்துத் தண்ணிதான் காய்ச்சலுக்குக் காரணம்" என்றார். நாங்கள் கை கழுவி, ஜெபம் செய்து, குடித்த தண்ணீர். எங்களில் மிகச் சுத்தக்காரியான நீதான் அதில் அதிகமாக வாய் கொப்பளித்தாய். இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது, அக்கா?

இப்போது கொதித்தாறிய தண்ணீர், குடிக்க அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் பேணி. மேரியிடம் பேணி இல்லை. கையை ஏந்திக் குடித்தாள்.

வீட்டில் உன் மூக்குப்பேணியைக் கேட்டேன். "உனக்கென்ன விசரோ?" என்றார் பெரியம்மா. அம்மா அதைக் கொதிக்கும் நீரில் போட்டெடுத்துத் துடைத்தார். "அவள் இருந்தால் தானே குடுத்திருப்பாள். கொண்டு போ."

அதில் வெட்டியிருந்த உன் பெயரை மேரி தடவிப் பார்த்தாள். "தேய்ச்சா அக்கா பேரு அழிஞ்சிருமே?"

"மெல்லத் தேய்."

உதடு படாமல் ஊற்றிக் குடிக்கவென்று செய்த பேணி அது. அவள் அதன் மூக்கில் வாய் வைத்தே குடித்தாள். நான் அதில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வாங்கில் மேரியின் பக்கத்து இடம் இனி என்னுடையது. நீ எதனால் போனாய் என்று கேட்பவர்களைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போவேன், பெரியம்மாவையும்தான்.

உன் பேணியைக் கொடுத்துவிட்டு வந்த
உன் தங்கச்சி,
பத்மா