காலிக் காருக்குள் ஒரு மூச்சு

என் செல்ல மகளுக்கு,

உன் புது விலாசத்தை உன் தோழி சசிரேகாவிடம் கேட்டு வாங்கினேன். போனில் என்றால் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

ஒரகடம் கார் கம்பெனியில் இப்போது என்னை டெஸ்டிங்கில் போட்டிருக்கிறார்கள். பூட்டிய காருக்குள் குழந்தை மாட்டிக்கொண்டால், கூரையிலுள்ள ரேடார் தொடாமலே அதன் மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் அறிந்து ஹாரன் அடிக்கும். நேற்று வெயிலில் நின்ற காலிக் கார் ஒன்று அலறியது.

"உள்ள ஆளே இல்ல. சென்சார் அவுட்டுண்ணா, வுடு," என்றான் கூட வேலை செய்யும் சுபாஷ். திரையிலோ மூச்சுக்கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மனசு கேட்காமல் பின்சீட்டைக் கழற்றினேன். அடியில் ஒரு பூனைக்குட்டி, வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தது. சுபாஷே கேன்டீனுக்கு ஓடிப் பால் வாங்கி வந்தான்.

குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பூனை என்றாலே ஆகாத உன் அம்மா, "வூடே சத்தமில்லாம கீது, இருந்துட்டுப் போவட்டும்," என்றாள். நீ சொல்லாமல் போனதிலிருந்து பூட்டியே கிடந்த உன் அறையைத் திறந்து, உன் கட்டிலிலேயே அதைப் படுக்கவைத்தாள். இப்போது அவளும் அங்கேதான் தூங்குகிறாள்.

குட்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து வை. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. அவர் என்ன விரும்பிச் சாப்பிடுவார் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா