எல்லப்பன் காதில் விழுந்த ரகசியங்கள்

ஒரகடம்,
செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தோழி இசைவாணிக்கு,

கவிப்பிரியா எழுதுவது. நான் நலம், ஆஸ்பத்திரி நலம், என் தூக்கம் மட்டும்தான் நலமில்லை. அந்தப் பனிமலையில் நீ எப்படி இருக்கிறாய்? மூக்கில் ரத்தம் வருவது நின்றதா? உன் முகாமுக்குப் போன் எட்டாது, ராணுவத் தபால்தான் எட்டும் என்பதால் பேனாவை எடுத்துவிட்டேன். மருந்துச் சீட்டைத் தவிர வேறெதையும் கையால் எழுதி எத்தனையோ காலமாயிற்று. என் கையெழுத்தைத் திட்டாமல் படி. இரண்டு வாரமாக இங்கே நடப்பதை உனக்குச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

முதலில் ஒரு ரகசியம். உட்கார்ந்துகொண்டு படி. நானும் சக்திகுமாரும் காதலிக்கிறோம்.

ஆமாம் வாணி, அதே சக்திகுமார்தான். எலும்பு முறிவுப் பிரிவில் இருக்கும் பணகுடிக்காரன். நான் எக்ஸ்ரே பிலிமை அவன் மேஜையில் விட்டெறிந்தபோது நடுவில் வந்து சமாதானம் செய்து வைத்தாயே, அவனேதான். அந்தச் சண்டை, அதற்கு முந்தைய சண்டை, அதற்கும் முந்தையது எல்லாமே நடிப்பு! உன்னிடம்கூட மறைத்ததற்கு நேரில் வந்து நாலு அடி போடு, வாங்கிக்கொள்கிறேன். வேறு வழி தெரியவில்லை. எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கம் இங்கிருந்து கூப்பிடு தூரம். புறநோயாளிக் கூட்டத்தில் பாதிப் பேர் எனக்கு அத்தை, சித்தப்பா முறை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டீ குடித்தால் பொழுது சாய்வதற்குள் என் அப்பா எல்லப்பனுக்குச் சேதி போய்விடும். அதனால்தான் எதிரிகள் ஆனோம்.

கொஞ்சம் அதிகமாகவே நடித்துவிட்டோம் போலிருக்கிறது. சீஃப் சுபஸ்ரீ மேடம் எங்கள் தொல்லை தாங்காமல் அவனுக்குப் பகல் டூட்டி, எனக்கு இரவு டூட்டி என்று பிரித்துப் போட்டுவிட்டார். அப்புறம் ஷிப்ட் மாறும்போது விரல் ரேகை வைக்கும் மெஷினுக்கு முன்னால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள முடிந்தது. அங்கேயும் முறைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்!

இந்த நேரத்தில்தான் யாக்கோபு இதற்குள் மூக்கை நுழைத்தான். அவனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? தூங்குகிற டூட்டி டாக்டர் நெற்றியில் இ.சி.ஜி. ஸ்டிக்கர் ஒட்டுகிறவன், சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டி வைக்கிறவன். மயக்க மருந்து டாக்டரான பிறகும் திருந்தவில்லை. எங்கள் பகையை ஒரேயடியாகத் தீர்த்து வைக்கப் போவதாக நர்ஸ் கனிஷ்காவிடம் சபதம் போட்டிருக்கிறான்.

போன மாதக் கடைசியில் கம்பெனிகளிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு முதலுதவிப் பயிற்சி வைத்தோம். எல்லா டாக்டர்களும் வந்தாக வேண்டும் என்று மேடம் உத்தரவு. மாவுக்கட்டு போடுவது எப்படி என்று யாக்கோபு செய்து காட்டினான். சக்தி இடது கையை நீட்டினான். கை ஆடாமல் பிடித்துக்கொள்ளும்படி யாக்கோபு என்னைக் கூப்பிட்டான். நானும் வேண்டாவெறுப்பாகப் பிடிப்பது போலப் பிடித்தேன். பாவி, என் கையையும் சேர்த்துச் சுற்றிவிட்டான்! என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் கட்டு இறுகிவிட்டது. இரண்டு பேரும் சமாதானமானால்தான் வெட்டி எடுப்பேன் என்று மைக்கில் அறிவித்தான். முன் வரிசையிலிருந்த ஒரு பெண், “கட்டி வெக்கிறதுன்னா இதான் சார்” என்று கத்த, கூடமே அதிர்ந்தது. நான் கோபப்படுவது போல் முகத்தை வைத்துக்கொண்டேன். கட்டுக்குள்ளே சக்தியின் விரல் என் உள்ளங்கையில் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சிரிப்பு அடங்கவில்லை, வாசலில் ஒரு ஷிப்ட் பஸ் ஹாரனை விடாமல் அடித்தபடி வந்து நின்றது. யாரையோ இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வேட்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் அப்பா.

எங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் மனைக்கல் நட்டு விற்காமல் ஒரு காலி இடம் புதர் மண்டிக் கிடக்கிறது, அந்தப் புதரை வெட்டப் போயிருக்கிறார். நல்ல பாம்பு காலில் போட்டுவிட்டது. ரோட்டுக்குத் தள்ளாடி வந்து கை காட்டியிருக்கிறார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பையன்கள் பஸ்ஸைத் திருப்பச் சொல்லி நேராக இங்கே கொண்டு வந்துவிட்டார்கள்.

நான் ஓடினேன். சக்தியும் கூடவே ஓடினான், வேறு வழியில்லையே! அப்பாவுக்கு அதற்குள் இமை தொங்க ஆரம்பித்திருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் கையால் துழாவினார். மாவுக்கட்டு தட்டுப்பட்டது. “இன்னாம்மா இது, கையில கட்டு? எங்க அடிபட்ட?” என்று கேட்டார். விஷம் ஏறிக்கொண்டிருக்கிற மனிதர் என் கையைப் பற்றிக் கேட்கிறார், வாணி. சக்திதான் அவர் காதருகே குனிந்து, “ஒண்ணுமில்லய்யா, சும்மா வெளையாட்டுக் கட்டு. நீங்க பேசாம படுங்க. நான் இருக்கேம்லா” என்றான். அதற்குப் பிறகு அப்பாவின் பேச்சு குழறிவிட்டது.

எத்தனை பேருக்கு நான் இதே பாம்புக்கடி வைத்தியம் செய்திருக்கிறேன்! அன்று ஒரு மருந்தின் பெயர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. எல்லாம் யாக்கோபுதான். விஷமுறிவு மருந்தை ஏற்றச் சொன்னான், மூச்சு தளர்கிறது என்று தெரிந்ததும் கை நடுங்காமல் குழாயை இறக்கினான், வென்டிலேட்டரில் போட்டான். கனிஷ்கா பக்கத்தில் நின்று எங்கள் கட்டை அறுத்துக்கொண்டிருந்தாள். கட்டு கழன்று விழுந்த பிறகும் நான் சக்தியின் கையை விடவில்லை. மேடம் அதைப் பார்த்தார்.

மறுநாள் மயக்க மருந்தை நிறுத்தினோம். ஆனாலும் அப்பா இமை திறக்கவில்லை, விரல் அசையவில்லை. நாடித் துடிப்பு மட்டும் சீராக இருந்தது. அம்மா வெளியே வல்லக்கோட்டை முருகனிடம் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் சக்தி வந்தான். அப்பா கட்டிலருகே வேறு யாரும் இல்லை. அவனைப் பார்த்ததும் உடைந்துபோனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். செங்கல்பட்டு மாப்பிள்ளைக்குத் தட்டு மாற்ற அப்பா நாள் பார்த்துவிட்டதையும் அப்போதுதான் அவனிடம் சொன்னேன். அப்பா பிடிவாதக்காரர், மனைக்கு விலை பேசுவது போல மாப்பிள்ளை பேசுகிறார், நீ தெற்கத்திக்காரன், வேறு ஆட்கள், ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அழுதேன். சக்தி, “அவங்க மொதல்ல எந்திரிச்சு வரட்டும். நான் கால்ல விழுந்து கேக்கேன். அடிச்சா வாங்கிக்கிடுதேன்” என்றான்.

நல்ல பாம்பு விஷம் என்ன செய்யும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தசையைத்தான் கட்டிப்போடும், நினைவைத் தொடாது. தெரிந்த பாடம்தான். ஆனால் அந்தக் கட்டிலில் கிடந்தது என் அப்பா. மறந்தே போனேன்!

குழாயை எடுத்த அன்று அவர் கரகரத்த குரலில் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “நான் மனை விக்கிற மாதிரி மாப்ள பேசறேனா?”

“கண்ணுதாம்மா தொறக்கல. காது நல்லாத்தான் கேட்டுச்சு” என்றார். அப்புறம், “தெனம் என் மூஞ்சப் பாத்து சாப்ட்டியாப்பான்னு கேக்கறியே, இத்த மட்டும் ஏம்மா சொல்லல?” என்று கேட்டார். அதட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடிக்கும் வரை விட்டுவிட்டு, “சரி, கால்ல வுழுறேன்னானே ஒரு புள்ள, அவன இட்டுகினு வா” என்றார்.

சக்தி வந்தான். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது அவனுக்கு. நேராகக் காலில் விழப் போனான். அப்பா பதறிப்போய், “டேய், டேய், அந்தக் கால வுடுடா, வீங்கிக் கீது! இந்தக் கால்ல வுழு” என்றார். ஐ.சி.யூ.வில் சிரிக்கக் கூடாது என்று போர்டு வைக்காததுதான் குறை. கனிஷ்கா திரைக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டே சிரித்தாள்.

ஊரும் உறவும் பேசும் என்று நான் மெல்ல இழுத்தேன். “பேசட்டுமே. நான் போய்ச் சேந்திருந்தா அதுக்கும் கூடி நின்னு பேசியிருப்பாங்க” என்று சொல்லிவிட்டார். செங்கல்பட்டுக்கும் அவரே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். அம்மா இன்னும் இறங்கி வரவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள், பணகுடிக்கு பஸ்ஸில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டாள். சொன்னதும், அவ்வளவு தூரமா என்று மறுபடி அழுதாள். வேண்டுதலை நிறைவேற்றக் கோயிலுக்குப் போனபோது சக்தியும் வந்தான். அவனிடம் நேராகப் பேசாமல், அந்த டாக்டரை வெயிலில் நிற்க வேண்டாமென்று சொல்லு என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அதுவே போதும்.

இனி எழுதப்போவதைத் தனியாக இருக்கும்போது படி.

நேற்று அப்பாவுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, இசைவாணி என்பது யார் என்று கேட்டார். உன்னை அவருக்குத் தெரியவே தெரியாது. அந்த மயக்க டாக்டர் தம்பி சொன்னார் என்றார். யாக்கோபு ஒரு மாலைப் பொழுது முழுக்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பயிற்சிக் கூடத்தில் தான் கூத்தடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று அவனுக்கு ஒரே உறுத்தல். அவனும் அவர் தூங்குவதாகவே நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறான்.

கேன்டீனில் எல்லார் முன்னாலும் உன்னிடம் மண்டியிட்டு, சலைன் டியூபை வளைத்துச் செய்த மோதிரத்தை நீட்டினானே, அதைப் பற்றி. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய், அப்புறம் கண் கலங்கி, எதில்தான் விளையாடுவது என்று கணக்கில்லையா என்று கேட்டுவிட்டு எழுந்து போனாய். அந்த மாதமே ராணுவ வேலைக்குக் கையெழுத்துப் போட்டாய். நிஜ மோதிரம் அவன் இன்னொரு பாக்கெட்டில் இருந்திருக்கிறது, வாணி. கடைசி நொடியில் பயந்துபோய் டியூபை எடுத்துவிட்டான். எல்லோரும் சிரித்ததும் தானும் சிரித்து வைத்தான். “எல்லாத்துலயும் விளையாடியிருக்கேங்கய்யா. அந்த ஒரு தடவதான் விளையாடல” என்று என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான்.

நான் இதை உனக்கு எழுதுவது அவனுக்குத் தெரியாது. அவன் உன்னைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. ஆனால் ராணுவத் தபால் எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

தை மாதம் வல்லக்கோட்டையில் எங்கள் கல்யாணத்தை வைக்கலாம் என்று அப்பா சொல்கிறார். நீ உடம்பைப் பார்த்துக்கொள். பனியில் தனியாக எங்கும் போகாதே. முருகன் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். உனக்கு லீவு கிடைக்குமா, கிடைக்காதா என்று மட்டும் ஒரு வரி எழுது. யாருக்காக வருகிறாய் என்று எழுத வேண்டாம், நான் கேட்க மாட்டேன்.

என்றும் உன்,
கவிப்பிரியா