சிவப்புக் கோடும் பதினோராம் லயமும்

செப்டம்பர் 28, 2024. பள்ளிவாசல்

விசா வந்துவிட்டது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் வந்து பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மாவின் தலையணைக்கடியில் வேறொரு காகிதம் இருக்கிறது. முப்பத்தாறு வருடம் தேயிலைக் கொளுந்து கிள்ளியவளுக்கு டிசம்பர் கடைசியோடு ஓய்வு. வீட்டில் வேறு யாருக்கும் எஸ்டேட்டில் வேலை இல்லாததால் மார்ச் முடிவதற்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒழுகும் தகரம். அதற்கும் ஆபத்து.

"எங்க போறதுன்னு யோசிச்சியாம்மா?"

"நீ போற எடத்த மொதல்ல யோசி. குளிரு பல்லக் கழட்டிருமாம்ல."

டூரிஸ்ட் கைடு வேலைக்கு அமெரிக்காவா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் மலையாளி முதலாளி மத்தியாஸ் சார் எங்கள் தோட்டத்தில் 'ஹெரிடேஜ் நடை' தொடங்கப் போகிறார். பாஸ்டனில் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கப் போகிறோம். அவரிடம் இருப்பவர்களில் இங்கிலீஷ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அதனால்தான் என்னைக் கூட்டிப் போகிறார், பாசமெல்லாம் ஒன்றுமில்லை.

அக்டோபர் 6. பாஸ்டன்

கால் வீங்கிவிட்டது. நடைபாதையில் செங்கல்லால் சிவப்புக் கோடு பதித்திருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டே போனால் பழைய சர்ச், பழைய சட்டசபை, பழைய இடுகாடு எல்லாம் வரிசையாக வருகின்றன. முக்கோணத் தொப்பி போட்ட கைடு இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தின ஆள் மாதிரி நடிக்கிறான். மத்தியாஸ் சார் அந்தத் தொப்பியையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இடுகாட்டில் முழங்கால் உயரக் கல்லில்கூடப் பெயர் செதுக்கியிருக்கிறது. எங்கள் தாத்தாவைப் புதைத்த இடத்தில் இப்போது தேயிலைச் செடி. அம்மாவே அதில் கிள்ளியிருப்பாள்.

அக்டோபர் 7

காலையில் அம்மாவிடம் பேசினேன். "இங்க லயன்லயே நடந்து போகணும்மா" என்றேன்.

"அங்கயும் ஒன்ன லயத்துலதான் போட்டுருக்காகளா? ஏட்டி, ஓட்டல்னுல்ல சொன்னாக!"

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இங்கிலீஷ் லைனைத்தான் நாம் லயன் என்கிறோம், லைன் என்றால் கோடு, நம் லயமும் அந்தச் சொல்தான் என்று விளக்கினேன்.

"கோட்டப் புடிச்சு நடக்கவா அம்புட்டுத் தூரம் போன? இங்க நாங்க செடிக்கு நடுவுல நெரை புடிச்சு நடக்கல?"

போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 8

தேயிலையைக் கடலில் கொட்டிய கப்பல். அசல் இல்லை, அதே மாதிரி செய்து நிறுத்தியது. டிக்கெட் வாங்கினால் நாமும் பெட்டியைத் தூக்கி எறியலாம். பெட்டியில் கயிறு கட்டியிருக்கிறது, மறுபடி இழுத்துக்கொள்கிறார்கள். நானும் எறிந்தேன். கை தட்டினார்கள். இங்கிலாந்து போட்ட வரியை எதிர்த்துக் கொட்டினார்களாம். யார் கிள்ளிய இலை என்று கேட்டேன். சீனாவிலிருந்து வந்தது என்றான் தொப்பிக்காரன். அது சரி, கிள்ளினது யார்? தெரியாது என்று சிரித்தான்.

அக்டோபர் 9

காலைச் சாப்பாட்டின்போது மத்தியாஸ் சார் நம் நடையின் வரைபடத்தைக் காட்டினார். முதல் இடம், பவர் ஹவுஸ் தெரியும் மேடு. ஏழாம் இடம், 'பழைய தொழிலாளர் வீடு'. பதினோராம் லயம், கடைசி அறை.

எங்கள் அறை!

"அம்மை ரிட்டயர் ஆனா அது காலியல்லே, மோளே? எஸ்டேட்ல பேசியாச்சு. எனக்கு லீசுக்குத் தரும்."

"அங்க ஆள் இருக்கு சார்."

"அம்மை எங்கேயும் போக வேண்டாம். பழைய காலம் மாதிரி இடுப்புல சாக்கு கட்டி, கூடையோட உக்காந்தா மதி, அது போதும். ராத்திரி அங்கேயே படுத்துக்கட்டும். இங்கே தொப்பிக்காரன் பண்றதுதானே?"

தொப்பிக்காரன் சாயந்திரம் தொப்பியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போவான். என் அம்மா, அவள் வீட்டிலேயே, செத்துப்போன யாரோ மாதிரி நடிக்கணுமா? தட்டை அப்படியே விட்டு எழுந்து வந்துவிட்டேன். வந்து? வேறு இடம் வைத்திருக்கிறேனா? இல்லை.

அக்டோபர் 15. பள்ளிவாசல்

அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். சரி என்றாள்.

"எனக்கு வெக்கமா இருக்கும்மா."

"எனக்கு வீடு இருக்கும்ல."

டிசம்பர் 19

அம்மா பேச வேண்டிய வசனத்தையும் நானே எழுத வேண்டுமாம். 'அந்தக் காலத்துல இங்க தொழிலாளிக இருந்தாக.' இந்த ஒரு வரியை எட்டுத் தடவை அடித்துவிட்டு எழுதினேன்.

ஜனவரி 4, 2025

முதல் கூட்டம். பதினான்கு பேர். சார் ரோட்டில் அடித்த சிவப்பு பெயின்ட் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அம்மா வாசலில் நின்றாள். சாக்கைக் காணோம், கல்யாண வீட்டுக்குக் கட்டும் பச்சைச் சேலை.

"செருப்ப வெளிய விடச் சொல்லுட்டி."

விட்டார்கள். அம்மா தொண்டையைச் செருமினாள்.

"இங்க தொழிலாளிக…" நின்றுவிட்டாள். "இருக்கோம். அடுத்த ரூம்ல பிச்சைமணி குடும்பம். அதுக்கடுத்து சந்தனம். மழ வந்தா எல்லா வீட்டுலயும் ஒழுகும்."

சார் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், வேண்டாம் என்று. பதினான்கு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். இருக்கிறார்கள் என்றே சொன்னேன்.

அவர்கள் போன பிறகு, ஏம்மா என்று கேட்டேன். "மனப்பாடமாத்தான் வச்சுருந்தேன். வாயில வரலட்டி."

ஜனவரி 9

ஏழாம் இடத்தை வரைபடத்திலிருந்து சார் எடுத்துவிட்டார். என்னை வேலையிலிருந்தும். அறை மார்ச் வரைக்கும் எங்களுடையது.

பெயின்ட் மட்டும் லேசில் போகிற மாதிரி தெரியவில்லை. இன்று மத்தியானம் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்து கதவைத் தட்டினார்கள். அம்மா செருப்பைக் காட்டினாள். கழற்றினார்கள்.