கறுப்பு ஒயர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

துணி துவைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மாடி ரூமை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் கோதண்டம் அண்ணன் கீழேயிருந்து கூப்பிட்டார். அவருடைய 1968 மாடல் புல்லட்டுக்குப் பேட்டரி சார்ஜ் போட்டு எடுத்து வந்திருந்தார். அதற்குள் காஞ்சிபுரத்திலிருந்து போன், உடனே கிளம்ப வேண்டும். "பேச்சி, நீயே மாட்டி வெச்சிடுபா. நாள் பூரா ஒயரோடதான கெடக்குற" என்றார். கட்டின பெண்டாட்டி லீலா அக்காவைக்கூட அந்த வண்டியைத் துடைக்க விடமாட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாட்டினேன். வண்டி ஓடுகிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று முழுதாக எழுதவில்லை. எனக்கு நானே எழுதுகிற நோட்டில்கூட மறைத்தால் நான் என்ன ஆள்?

ஒரகடத்தில் கம்பெனியில் எங்கள் லைனில் கார்களுக்கு ஒயர் கட்டுகிறோம். கறுப்பு என்றால் எர்த், அதாவது வண்டியின் பாடியோடு சேரும் ஒயர்; எர்த் என்றால் பேட்டரியின் நெகட்டிவ். நாலு வருடமாகக் கை அப்படித்தான் போகிறது. நேற்றும் போனது. ஆனால் அந்தக் காலத்து வண்டியில் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர வேண்டும். பேட்டரிப் பெட்டி மூடியிலேயே சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. நான்தான் மூடியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வேலை பார்த்த மேதாவி. பொறி பறந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து கருகல் வாடை. பதறிப்போய்க் கழற்றி, சரியாக மாட்டினேன். ஹார்ன் அடித்தது. இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. அப்பாடா என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி திரும்பி வந்ததும் "மாட்டிட்டியாபா?" என்று அண்ணன் கேட்டார். "மாட்டியாச்சுண்ணே" என்றேன். பொய் இல்லைதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வண்டி வழியில் படுத்துவிட்டது. அண்ணன் வேர்க்க வேர்க்கத் தள்ளிக்கொண்டு வந்தார். பிளக்கைத் துடைத்தார், பாயின்ட்டை உரசினார். நான் டார்ச் பிடித்தேன். பொறி மங்கலாகத்தான் வந்தது. ஓடும்போது, சார்ஜ் ஏறுவதைக் காட்டும் ஆம்பியர் முள் அசையவே இல்லையாம். அதைக் கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. ஓடுகிற வண்டியிலிருந்து பேட்டரிக்குக் கரண்டை அனுப்பும் ரெக்டிஃபையர் எரிந்துவிட்டது. அந்தக் கருகல் வாடை அதுதான். ஏற்கெனவே போட்டு வைத்த சார்ஜில்தான் நாலு நாள் ஓடியிருக்கிறது.

சொல்ல வாய் வந்தது. வந்த வாய் என்ன சொன்னது? "போன வாரம் சர்வீஸ்ல ஏதாச்சும் விட்டுருப்பாங்கண்ணே." யார் கேட்டது என்னை? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதை.

சர்வீஸ் செய்தது வாலாஜாபாத்தில் கடை வைத்திருக்கும் ராஜாமணி. அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவர். முப்பது வருடமாக அண்ணனையும் அவரையும் தவிர வேறு யாரும் அந்த வண்டியில் கை வைத்ததில்லை. போன ஞாயிறு வரை.

ஆகஸ்ட் 9, சனி

ராஜாமணி வந்தார். பத்தே நிமிடத்தில் ரெக்டிஃபையரைக் கழற்றிக் காட்டினார். "யாரோ பேட்டரிய மாத்தி மாட்டிகீறாங்க, கோதண்டம்."

"மாட்டுனது நம்ம பேச்சி. டெய்லி கம்பெனில ஒயர் மாட்டுற புள்ள. நீ சொதப்பிட்டு அவன் மேல போடுறியா?"

நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். ராஜாமணி என்னை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் நிறுத்தவில்லை. "முப்பது வருஷமா இப்டிதான் என்ன ஏமாத்திகினு இருந்தியா?" என்று கேட்டுவிட்டார். லீலா அக்கா கொண்டுவந்த காபியை ராஜாமணி தொடவில்லை. ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏலே பேச்சிராஜு — ஒத்தச் சொல்லு. நான்தான்னு ஒத்தச் சொல்லு சொல்ல முடியலையா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லீலா அக்கா கருவாட்டுக் குழம்பு கொடுத்து அனுப்பினார். இந்த வீட்டுக் குழம்பை எந்த மூஞ்சியோடு தின்ன?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எங்கள் லைனில் தப்பு நடந்தால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். லைன் நின்றுவிடும். யாரும் திட்ட மாட்டார்கள். மறைத்து அனுப்பினால்தான் வேலை போகும். இன்று ஒரு கனெக்டரை மாற்றிச் செருகிவிட்டு யோசிக்காமல் கயிற்றை இழுத்தேன். சூப்பர்வைசர் மகாராஜா "சரி பண்ணிட்டு ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் விஷயம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஷிஃப்ட் முடிந்து நேராக அண்ணனிடம் போனேன். "அண்ணே, மாத்தி மாட்டுனது நான்தான். அன்னைக்கே தெரியும். பயந்துட்டேன்."

ரூமைக் காலி பண்ணு என்றிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என்னைத் திட்டவே இல்லை. "அவன இன்னா இன்னாவோ பேசிட்டனேபா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆகஸ்ட் 13, புதன்

அண்ணன் ராஜாமணிக்கு நாலு தடவை போன் போட்டார். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் போனேன். அண்ணன் வரவில்லை. "என்னப் பாத்தா கடைய சாத்திடுவான். நீ மொதல்ல பேசு" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ராஜாமணி வேலையை நிறுத்தாமலே கேட்டார். "தெரியும். அன்னிக்கே உன் மூஞ்சி சொல்லிச்சி."

"அப்ப ஏன் அண்ணாச்சி என்னைப் பிடிச்சுக் குடுக்கல?"

"சொன்னேனே. யாரு கேட்டாங்க?"

வண்டியை இறக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். கோபம் இல்லாதவர் மாதிரிதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அண்ணன் காலையிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் இரண்டு நாற்காலி போட்டுவிட்டார். லீலா அக்கா வடைக்கு அரைத்து வைத்திருந்தார். "வண்டில அவனையும் ஒக்கார வெச்சி இட்டுகினு வா. நான் நேர்ல கேட்டுக்குறேன்."

புது ரெக்டிஃபையர். முதல் உதையிலேயே கிளம்பியது. முள் நன்றாக ஏறியது. "ஏறுங்க அண்ணாச்சி, அண்ணன் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன். ராஜாமணி கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உன் மேல கோவம் இல்லபா. சின்னப் பையன், பயந்துட்ட. அவன் என் எதிர்லயே உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? ஒரே வார்த்த. கேக்கல." பிறகு, "இனிமே வண்டிய நீயே பாத்துக்கோ" என்றார்.

எத்தனையோ நாள் ஆசைப்பட்ட வண்டி. பதினைந்து கிலோமீட்டரும் ஓட்டினேன். ஓட்டின சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை.

சத்தம் கேட்டு அண்ணன் தெருமுனைக்கே வந்து நின்றார். வண்டியைப் பார்க்கவில்லை. என் பின்னால் இருந்த சீட்டைப் பார்த்தார்.

"பஸ்ல வரானா?"

"வரலண்ணே."

சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வடை சுட வேண்டாம் என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.