பருகு, கொதி, தொடாதே

மார்ச் 3, செவ்வாய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று காலை என் மேலுதட்டில் மூன்றாவது மீசைமுடி தோன்றியருளியது. முதலிரு முடிகளும் நலம். விழா எதுவும் ஏற்பாடு செய்யப்படவில்லை. அக்கா மட்டும் நேரில் வந்து பார்வையிட்டு, "அழுக்கு. துடைச்சுக்கோ" என்று வாழ்த்துரை வழங்கினாள்.

துடைக்கலாம் என்று குழாயைத் திறந்தால் தண்ணீர் மஞ்சள். மறுபடியும்.

அம்மா கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், எல்லாம் முழங்கால் உயரம். அதுகள் குடிக்கிற தண்ணீரை அம்மா விடிந்ததும் அண்டாவில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டி — சமையலறை முழுக்க ஆவி, நடுவில் அம்மா. "இது நிஜமாவே கொதிக்க வைக்கணுமா, இல்ல நான்தான் சும்மா வெந்துக்கிட்டிருக்கேனா? குடிநீர் ஆபீஸ்ல தெருத்தெருவா டெஸ்ட் பண்றாங்களாம். போய்க் கேட்டுட்டு வா."

போனேன். கடைசி மாடி, கடைசி அறை. வாசலில் 'பொதுமக்கள் பார்வை அறை' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தை மறைத்துக்கொண்டு அதன் பொறுப்பாளர் நின்றார். அகலமும் உயரமும் நிலைச்சட்டத்துக்கு அளவெடுத்த மாதிரி. ஆகவே பெயர்: கதவு.

"சார், எங்க ஆலைத் தெரு தண்ணி குடிக்கலாமா?"

"சனிக்கிழமை வந்து திரையில பாரு."

"இப்ப நீங்களே பார்த்துச் சொல்லிடலாமே."

"சொல்றது என் வேலை இல்ல. பார்க்க விடறதுதான்."

சுவரில் பலகை. கைபேசி வெளியே. பேனா, காகிதம் வெளியே. ஆளுக்குப் பத்து நிமிடம்.

"இணையத்துல போட்டா எல்லாரும் வீட்லயே பார்த்துக்கலாமே சார்."

"போட்டா ஜனங்க தப்பாப் புரிஞ்சுக்குவாங்க."

"இப்ப சரியாப் புரிஞ்சுக்கறாங்களா?"

"இப்ப பார்க்கறதே இல்லையே" என்றது கதவு. பெருமையாக.

தண்ணீர் நம்முடையது. வயிறு நம்முடையது. வயிற்றுப்போக்கும் நம்முடையது. முடிவு மட்டும் அவன் வீட்டுச் சீதனமா?

மார்ச் 4, புதன்

ஒட்டகத்திடம் சொன்னேன். (என் வகுப்பு. கழுத்து நீளம், பேச்சு குறைவு, கணினியில் கை வைத்தால் வித்தை.) கொஞ்ச நேரம் எதையோ மென்றான். பிறகு, "மனப்பாடம் பண்ணக் கூடாதுன்னு பலகையில இருக்கா?" என்றான்.

இல்லை!

எனவே வரலாற்றில் பதிவாகட்டும்: யோசனை என்னுடையது. கேள்விதான் அவன் கேட்டான். பலகையை மண்டைக்குள் தூக்கிவந்தது நான்.

மார்ச் 7, சனி

வெற்றி.

திரையில் அறுபது தெரு. ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று தீர்ப்புகளில் ஒன்று: குடிக்கலாம், கொதிக்கவைத்துக் குடிக்கவும், குடிக்கக் கூடாது. நான் அதைப் பருகு, கொதி, தொடாதே என்று சுருக்கினேன். பாதி ஒட்டகத்துக்கு, பாதி எனக்கு.

அவன் முதலில் போனான். உதடு முணுமுணுக்க, யாரையும் பார்க்காமல் படியிறங்கி வந்து, மடிக்கணினியில் கொட்டினான். அடுத்து நான். என் முறை வேறு, பாட்டு முறை:

பள்ளித் தெரு பருகு பருகு,
கொல்லன் தெரு கொதி கொதி,
தோட்டத் தெரு தொடாதே, தொட்டால் குளுக்கோஸ் பாட்டிலோடு படு.

கதவு என் பின்னாலேயே நின்றது. "என்ன முணுமுணுக்கற?"

"பிரார்த்தனை சார். இந்தத் தண்ணியத்தான் குடிக்கறோம்."

வெளியே வந்து முப்பது வரியையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். ஒட்டகத்தின் கழுத்து இன்னும் நீண்டது. "நீ மனுஷனா, மெமரி கார்டா?" என்றான்.

இந்தக் கேள்வியைக் கல்வெட்டில் வெட்டலாம்.

மார்ச் 8, ஞாயிறு

இணையத்தளம் பிறந்துவிட்டது. யாரும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், தப்பு இருந்தால் திருத்தலாம். முகப்பில் என் வாசகம்: 'இங்கே எதற்கும் பூட்டு இல்லை.' ஒட்டகம் இன்னொன்றும் சேர்த்தான். எந்த வரியை யார் போட்டார்கள், யார் மாற்றினார்கள் என்று பக்கவாட்டில் எல்லோருக்கும் தெரியும். "மூடிவைக்கறவனைத் திட்டிட்டு நாமளே மூடிவைக்கக் கூடாதில்ல?" நான் கைதட்டினேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா கைபேசியைத் தள்ளிப்பிடித்துப் படித்தாள். "ஆலைத் தெரு, பருகு. அப்ப நாளையிலேருந்து அண்டாவுக்கு ஓய்வு."

"இன்னும் ரெண்டு நாள் கொதிக்க வெச்சா என்னம்மா."

"நீயே போட்டுட்டு நீயே நம்பலையா?"

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். சாம்பார் நன்றாக இருந்தது என்று சொன்னேன். அன்றைக்கு சாம்பாரே இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

ஊரே கொதி நிலை. தோட்டத் தெருவில் வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரர் பள்ளி வாசலிலேயே மறித்தார். "தொடாதேன்னு போட்டது நீதானா? மூணு வீடு காலியாக் கிடக்கு. எவன் வருவான்?"

"தண்ணி சரியானா வருவாங்க அங்கிள்."

"உன் பல்லு முப்பத்திரண்டும் சரியா இருக்கா இப்ப?"

சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

பள்ளிக்குக் கதவின் கடிதம் வந்திருக்கிறதாம். 'அலுவலகத் தகவல் திருட்டு.' திருடினால் பொருள் குறைய வேண்டும். அவன் திரையில் ஒரு புள்ளியாவது குறைந்ததா? தலைமையாசிரியர் என்னை நிற்கவைத்து ஒரு மணிநேரம் திட்டிவிட்டு, கடைசியில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "எங்க தெரு பருகுதானே?" என்று கேட்டார்.

மார்ச் 11, புதன்

முடிவு திரையில் இருக்கிறது, சனிக்கிழமை போய் உறுதி செய்துகொள்ளலாம். அவ்வளவுதான். தூங்கு.

மார்ச் 14, சனி

பார்வை அறை பூட்டு. 'பராமரிப்புப் பணி.' ஒரு திரைக்கு என்னடா பராமரிப்பு, சவரமா?

பலகையில் புது வரி மட்டும் பளபளக்கிறது: 'மனப்பாடம் செய்யக் கூடாது.' மண்டையையும் வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும் போல. கதவு அப்படி வைத்துவிட்டுத்தான் வருகிறது.

அலுவலகத்துக் குடிநீர்க் கூஜாவில் 'தொடாதே' என்று ஒட்டிவிட்டு வந்தோம். மாடி முழுக்க ஒருத்தரும் மதியம்வரை தண்ணீர் குடிக்கவில்லையாம். பரிசோதிக்கிற அலுவலகமே நம் தளத்தை நம்புகிறது. சிரித்துச் சிரித்து ஒட்டகத்துக்கு விக்கல்.

எனக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அறை திறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

காப்பகத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி. மதியத்துக்குமேல் இன்னொன்று.

மார்ச் 18, புதன்

காலையில் வாசலில் பெற்றோர். ஒருத்தர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். "என்ன தண்ணி குடுத்தீங்க?"

"குழாய்த் தண்ணிதாங்க. நம்ம தெருது சுத்தமா இருக்குன்னு வந்திருக்கே" என்று அம்மா கைபேசியைக் காட்டினாள்.

"இது யார் போட்டது?"

"என் பையன்" என்றாள் அம்மா. அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் நிமிர்வு.

நான் மாடிப்படியில் நின்றேன். இறங்கவில்லை. பாதிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா ஒவ்வொரு குட்டிப் பையாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

பிள்ளைகளுக்கு இப்போது பரவாயில்லையாம். மருத்துவரே சொல்லிவிட்டாராம். அப்புறம் என்ன, எல்லாம் கதவு செய்கிற வேலை. திரையில் பொய்யாகப் போட்டு நம்மை மாட்டிவிட்டான். வேறென்ன.

வேறென்ன?

மார்ச் 19, வியாழன்

தளத்தில் ஒரு திருத்தம். ஆலைத் தெரு: கொதிக்கவைத்துக் குடிக்கவும். திருத்தியவர்: 'பார்வை அறைப் பொறுப்பாளர்.' காரணம்: 'முதலிலிருந்தே இதுதான் முடிவு. தயவுசெய்து மாற்றிப் போட வேண்டாம். அங்கே குழந்தைகள் இருக்கிறார்கள்.'

அவன். நம் தளத்தில். நாம் திறந்துவைத்த கதவு வழியாகக் கதவே உள்ளே வந்திருக்கிறது.

கீழே கருத்துப் பகுதியில் நம் ஆட்கள் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். பொய்யன், கையாள், குழந்தைகளை வைத்து நாடகம் போடுகிறான். ஒட்டகம்கூட, "நீ நேரா பார்த்தேல்ல? அப்ப அவன்தான் புளுகறான்" என்றான்.

"பின்ன?" என்றேன்.

நீக்கு என்ற பொத்தான் எனக்கும் ஒட்டகத்துக்கும் மட்டும்தான் தெரியும். அழுத்தினேன். அவன் திருத்தமும் போயிற்று, அவன் வந்த சுவடும் போயிற்று. பருகு மறுபடி உட்கார்ந்துகொண்டது.

ஒரே அழுத்து, அவ்வளவு சுலபம். அதுதான் எனக்கே பிடிக்கவில்லை.

மார்ச் 21, சனி

பார்வை அறை திறந்துவிட்டார்கள். நான் போகவில்லை. அம்மா போனாள்.

சொல்லிக்கொள்ளாமல் போனாள். திரும்பி வந்ததும் செருப்பைக்கூட ஒதுக்கிவிடாமல் நேராகச் சமையலறைக்குப் போய், அண்டாவைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். நான் வாசலில் நின்றேன்.

"ஒரு வரிதான்" என்றாள், திரும்பாமல். "பத்து நிமிஷம் குடுத்தாங்க. அரை நிமிஷத்துல பார்த்துட்டேன். பழைய வாரத்து முடிவையும் கேட்டேன், காட்டினாரு. அதுவும் கொதிதான்."

"அவன் மாத்தியிருப்பான்மா —"

"அந்த ஆள் எனக்கு நாற்காலி போட்டுக் குடுத்தாரு. பிள்ளைங்க எப்படி இருக்குன்னு கேட்டாரு. தளத்துல வந்து சொன்னாராம், யாரோ அழிச்சுட்டாங்களாம். யாரு அழிச்சது?"

நான் வடிகட்டும் துணியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு அடுப்பைக் கூட்டினாள். திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருக்கலாம். ஏன் திட்டமாட்டேங்கறா?

மார்ச் 22, ஞாயிறு

சரி. எழுது.

அன்றைக்கு அந்த அறையில் எங்கள் தெருவுக்கு மட்டும் நான் பாட்டுக் கட்டவில்லை. நம்ம தெருதானே, அது மறக்குமா, கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மற்ற தெருக்களையே சுற்றினேன். தோட்டத் தெருவுக்கு எதுகை கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு தரம் பாடினேன் வேறு. "நேரம் முடிஞ்சுது" என்று கதவு திரையை அணைத்தபோது ஆலைத் தெருவை நான் பார்த்திருக்கவே இல்லை. அம்மா அனுப்பியதே அந்த ஒரு வரிக்குத்தான்.

வெளியே வந்தால், ஒட்டகம் எதிரில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். இருபத்தொன்பது என்று சொல்லக் கூடாதா? முப்பது என்று சொன்னேன். அக்கம்பக்கத் தெருவெல்லாம் பருகு. இதுவும் பருகாகத்தான் இருக்கும்.

இன்று காலை கதவின் திருத்தத்தை, அழித்த சுவடோடு சேர்த்து, மறுபடி ஏற்றினேன். பக்கவாட்டில் எல்லாம் வரிசையாக நிற்கிறது: பொய்யைப் போட்டது நான். உண்மையை அழித்தது நான். காரணம் எழுதும் பெட்டியில் முதலில் ஒரு ஜோக் அடித்தேன். அழித்துவிட்டு, 'பார்க்காமல் போட்டேன்' என்று எழுதினேன்.

கதவைக் கிழித்தவர்கள் இப்போது என் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்குப் பயிற்சி நிறைய இருக்கிறது.

ஒட்டகம் ஒரே செய்தி அனுப்பினான். "பூட்டு இல்லைன்னு எழுதினது நீதானே?"

அப்புறம் நீக்கு பொத்தானைத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டான். எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

குடிநீர் அலுவலகம் அறிவிப்பு விட்டிருக்கிறது: 'சில விஷமிகள் பரப்பும் தவறான தகவலை முறியடிக்கும் பொருட்டு, இனி அனைத்துத் தெருக்களின் முடிவுகளும் வாரந்தோறும் இணையத்தில் வெளியிடப்படும்.' யாரும் எடுத்துக்கொள்ளலாமாம், பகிரலாமாம். என்னை அவமானப்படுத்துவதற்காக, நான் கேட்டதை முழுசாகக் கொடுத்திருக்கிறார்கள்.

வகுப்பில் பின்வரிசை, "விஷமி வாழ்க" என்று மேசையைத் தட்டியது. எழுந்து கும்பிட்டேன். பழக்கதோஷம். ஒட்டகம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று பிள்ளைகள் காப்பகத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் இல்லை. அண்டாவைத் தூக்கி வைப்பது, வடிகட்டுவது எல்லாம் இப்போது என் வேலை. சொன்னது அக்கா. நான் வடிகட்டியதை அம்மா ஒருதரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாள்.

மதியம், அலுவலகம் வெளியிட்ட பழைய வாரத்து முடிவுகளை எடுத்து எங்கள் தளத்தோடு வரிவரியாக ஒப்பிட்டேன். எங்கள் தெரு தவிர மற்ற இருபத்தொன்பதும் அப்பழுக்கில்லை என்று ஒட்டகத்துக்கு அனுப்பலாம், அதைச் சாக்காக வைத்துப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று திட்டம்.

அவன் ஒப்பித்தவை எல்லாம் சரி. அவனிடம் பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை.

என்னுடையதில் இன்னும் நான்கு தப்பு. கொல்லன் தெருவும் அதில் ஒன்று. அங்கே தண்ணீர் நல்ல தண்ணீர்தான். பாட்டுக்கு நன்றாக வந்ததால் கொதி என்று போட்டிருக்கிறேன்.