மிஸ்டர் ஏனுங்க

தலைச்சோலை,
ஞாயிறு மாலை

என் கண்ணுக்கு,

அப்பா வேண்டாம் என்று சொல்லியும் நான் கையெழுத்துப் போட்டு, மாணவர் பரிமாற்றத்தில் உன்னைப் பிரேசிலுக்கு அனுப்பியதிலிருந்து, அவர் உன் பேச்சையே எடுப்பதில்லை. உனக்குப் பதிலாக நம் வீட்டுக்கு வந்த லூயிசாவிடமும் தலையை மட்டும்தான் ஆட்டுவார்.

நேற்று ஏற்காட்டில், உன்னை அனுப்பிவைத்த கிளப்பின் கூட்டம். தான் தங்கியிருக்கும் குடும்பத்தை லூயிசா தமிழில் அறிமுகப்படுத்த வேண்டும். "இவங்க எங்க அம்மாங்க. இவங்க எங்க அப்பா, மிஸ்டர் ஏனுங்க" என்றாள். நான் நாளெல்லாம் அவரை "ஏனுங்க" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் பெயர் என்று நினைத்திருக்கிறாள். கூட்டமே சிரித்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராச்சே, உன் அப்பாவுக்குக் கோபம் வருமே என்று பயந்தபடி திரும்பினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: "குளுரு நொம்ப இருக்குது. பொட்டில இருக்கற நம்ம கண்ணு ஸ்வெட்டர எடுத்து அந்தப் புள்ளைக்குக் குடு."

லூயிசாவைப் பெற்றவள்தானே அங்கே உனக்குச் சோறு போடுகிறாள். அவளிடம் என் நன்றியைச் சொல்.

இன்னொன்று. அந்த வீட்டு அப்பாவை நீ என்னவென்று கூப்பிடுகிறாய்? மறக்காமல் எழுது. கேட்பது நான் இல்லை, கண்ணு.

உன் அம்மா